பொது நீர்நிலைகளும் குடிகளின் பங்கும்

கர்நாடகத்தில் நந்தி மலையருகே உற்பத்தியாகும் பாலாறு ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜாபேட்டை முதலிய ஊர்ப் பக்கங்களில் ஓடி, வயலூருக்கு அருகே வங்காள விரிகுடாவில் சேருகிறது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். இதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆற்றில் வெள்ளம் காணும் நாட்கள் வருஷத்தில் சிலவே ஆயினும், மணலின் கீழ் ஊறும் நீரைக் கொண்டே இப்பகுதியின் கிணறுகளும் கழனிகளும் தென்னந்தோப்புகளும் நிலைத்து வந்திருக்கின்றன. தோல் பதனிடும் தொழிலும் அதே நீரைக் கொண்டே வளர்ந்தது. ஏரிகளில் மீன் பிடித்து ஜீவிக்கும் செம்படவர் முதலியோருக்கும் நீரே ஆதாரம்.

ஒரே நீரை நம்பிப் பலர் பல விதமாகப் பிழைக்கும்போது, அதைக் காக்கும் விதியை யார் செய்வது, யார் நடத்துவது, விதி தவறியவனை யார் தட்டிக் கேட்பது என்னும் கேள்விகள் எழுவது இயல்பு. இக்கேள்விகளுக்குப் பயிர்த்தொழில் செய்வோரைப் போலவே கடற்கரை மீனவர்களும் நெடுங்காலமாக விடை தேடி வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடையில் உள்ள நன்மையும் குறையும் தோல் தொழில் வட்டாரத்து நிலச்சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறியத்தக்கவை.

பழவேற்காட்டுப் பாடு

சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் ஜில்லாவில் உள்ள பழவேற்காடு ஏரி, ஒரிஸ்ஸாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயலாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியும் கடலோடு சேரும் முகத்துவாரமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இங்குள்ள பட்டினவர் குப்பங்கள் சிலவற்றில், ‘பாடு’ என்னும் முறைப்படி இறால் பிடிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது.

இம்முறை தோன்றியதற்குக் காரணம் இறாலின் இயல்பே. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு காயலுக்குள் புகுந்து, அங்கே இரை தேடி வளர்ந்து, பருவம் வந்தபின் வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. ஆகையால் முகத்துவாரத்திற்குச் சமீபமான சில துறைகளில் வலை கட்டியவனுக்கு மிகுதியும் கிடைக்கும். உள்ளே தள்ளி வலை கட்டியவனுக்கு மிச்சமே கிடைக்கும். விதி ஒன்றும் இல்லாவிடில், வலியவன் நல்ல துறையைப் பிடித்துக்கொள்வான். மற்றவன் அதற்கும் முன்னே போய் வலை கட்டுவான். முடிவில் கைகலப்பு நேரும். வாய்க்காலின் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் நேரும் சச்சரவு இதுவே என்பதைக் குடியானவர்கள் எளிதில் உணர்வார்கள்.

இச்சச்சரவைத் தவிர்க்கும் பொருட்டு, துறைகளுக்குப் பெயரிட்டு, உரிமையுள்ளோரின் ஜாபிதா ஒன்று வைத்து, சீட்டுப் போட்டு எடுப்பதாலும் முறை மாற்றிக் கொடுப்பதாலும் ஒவ்வொருவருக்கும் நல்ல துறையும் சாதாரணத் துறையும் மாறி மாறிக் கிடைக்கும்படி ஊரார் ஏற்பாடு செய்துகொண்டனர். இன்று ஒருவன் நல்ல துறையில் இருந்தால் மற்றொரு நாள் அவன் வேறிடம் போக வேண்டும். தன் முறை வருமென்று ஒவ்வொருவனும் அறிந்திருப்பதால், பிறன் முறையில் கை வைக்க மனம் வருவதில்லை. அப்படி வைப்பவனைக் கண்டுபிடிக்க உத்தியோகஸ்தர் ஒருவரும் வேண்டியதில்லை. அன்று அத்துறைக்கு உரியவனே காவற்காரன்.

இதே தத்துவம் வேறு தேசங்களிலும் காணப்படுகிறது. துருக்கி தேசத்து அலான்யாவில் மீனவர்கள் ஒவ்வொரு செப்டம்பர் மாதத்திலும் உரிமையுள்ளோரின் ஜாபிதாவையும் துறைகளின் ஜாபிதாவையும் தயாரித்துச் சீட்டு எடுக்கின்றனர் என்றும், செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினமும் ஒரு துறை கிழக்கே நகர்ந்து, ஜனவரிக்குப் பின் மேற்கே நகர்ந்து வருகின்றனர் என்றும் எலினார் ஆஸ்ட்ராம் அம்மையார் 1990-ஆம் வருஷம் வெளியிட்ட நூலில் விவரித்தார். பொதுச் சொத்துக்களைக் குடிகளே நிர்வகிப்பது பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 2009-ஆம் வருஷம் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இலங்கையில் நீர்கொழும்புக் காயலின் கட்டுவலை மீனவர்களும் சீட்டு முறையையே கையாண்டு வந்தனர். 1958-ஆம் வருஷம் அவர்களுடைய ஊர் விதிகளை இலங்கை சர்க்கார் சட்டபூர்வமான விதிகளாக ஏற்று வெளியிட்டது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. சர்க்கார் புது விதி செய்து ஊரார்மேல் சுமத்தவில்லை. ஊரார் செய்துகொண்ட விதிக்குச் சர்க்கார் தன் பலத்தைக் கொடுத்தது.

சீட்டு முறை தமிழர்க்குப் புதிதன்று. பாலாற்றுக்குத் தெற்கே உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலை எடுத்து ஆட்களைத் தெரிந்த விதத்தைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தெரிந்தெடுக்கத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது.

அம்முறையின் குறை

பாடு முறையைப் புகழ்வதோடு நின்றுவிடுவது சரியன்று. அது யாருடைய பெயர் ஜாபிதாவில் இருக்கிறதோ அவர்களுக்குள் நியாயமானது. பெயர் இல்லாதவர்க்கு அது அடைத்த கதவாகவே இருந்தது. உரிமை குறிப்பிட்ட சில குப்பங்களின் பட்டினவர் குடும்பங்களுக்கே உரியது. அதே ஏரியை அடுத்து வாழும் வேறு ஊராரும், ஆதிதிராவிடரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் நல்ல துறைகளில் வலை கட்டப் பாத்தியதை இல்லாதவர்கள். உரிமை ஆண்களின் பேரிலேயே வழங்கியது. மீனைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு ஊர்க் கூட்டத்தில் இடமில்லை.

இறாலுக்கு ஏற்றுமதிக் கிராக்கி பெருகிய பின், வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அதைப் பிடிக்க முற்பட்டனர். ஏரியில் வலைகள் பெருகின. பாடு உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் தகராறுகள் மூண்டன. விதியைச் செய்தபோது கூப்பிடப்படாதவன் அவ்விதியைக் காக்கக் கடமைப்பட்டவனாகத் தன்னை எண்ணுவதில்லை. உத்தரமேரூர் வாரியத்திற்கும் நிலமும் மனையும் கல்வியும் உடையவரையே குடத்தில் பெயரிடத் தகுந்தவராகக் கொண்டனர். உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவமும், வெளியே இருப்பவர்பால் பாராமுகமும் பழைய ஸ்தாபனங்கள் பலவற்றின் பொது இயல்பாகும்.

சட்டத்தால் வந்த விதிகள்

சர்க்கார் மட்டுமே செய்யும் விதியும் முழுப் பலன் தருவதில்லை. 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை அடுத்த குறிப்பிட்ட தூரம் வரை உள்ள நீர் நாட்டுப் படகுக்காரருக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இழுவலை கட்டிய விசைப்படகுகள் அதற்கு அப்பாலேதான் தொழில் செய்ய வேண்டும். ஆயினும் கடலில் வேலியோ எல்லைக்கல்லோ கிடையாது. மீறல் பற்றிய முறையீடுகள் ஓய்ந்தபாடில்லை.

மாறாக, மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் விசைப்படகுகளை நிறுத்திவைக்கும் தடை ஓரளவு நிலைபெற்றிருக்கிறது. கிழக்குக் கரையில் முன்பு 45 நாளாக இருந்த இத்தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீட்டப்பட்டது. அந்நாட்களில் மீனவர் குடும்பங்களுக்குச் சர்க்கார் நிவாரணத் தொகை கொடுக்கிறது. எல்லாப் படகுகளும் ஒருங்கே துறைமுகத்தில் நிற்பதால் ஒருவன் மீறினால் அனைவரும் அறிவர். நஷ்டத்தில் ஒரு பங்கைச் சர்க்காரும் ஏற்கிறது. பலன் தங்களுக்கே திரும்பும் என்பதையும் மீனவர் அறிவர். விதி நிற்பதற்கு இம்மூன்றும் காரணங்கள்.

2014-ஆம் வருஷம் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் மீன்வளக் கமிட்டி சிறு மீனவர்களைக் குறித்து ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளும் இதையே வற்புறுத்துகின்றன. தங்கள் ஜீவனத்தைத் தொடும் தீர்மானங்களில், அவை முடிவாவதற்கு முன்பே, பெண்கள் உள்பட மீனவ சமூகத்தார் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

பாலாறு கற்பித்த பாடம்

கடற்கரையில் கண்ட உண்மை பாலாற்றுப் பகுதியில் எவ்வளவு கசப்பாக மெய்ப்பிக்கப்பட்டது என்பது இங்குள்ளோர் அறிந்ததே. தோல் கெடாதிருக்க முதலில் உப்பிடப்படுகிறது. தொழிற்சாலையில் அதை ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் கரைந்து வெளியேறுகிறது. பின்பு சுண்ணாம்பும் குரோமிய உப்புகளும் சேருகின்றன. சாதாரணச் சுத்திகரிப்பினால் சுண்ணாம்பையும் குரோமியத்தையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு மட்டும் நீரோடேயே போகும். அதைப் பிரிக்க மிக நுண்ணிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி வடித்து, மிச்சத்தைக் காய்ச்சிச் சுண்டவைக்கும் செலவுமிக்க யந்திரங்கள் வேண்டும். அவை வருவதற்கு முன் பல்லாண்டுகளாகக் கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் ஆற்று மணலிலும் விடப்பட்டது, கிணறுகள் உவர்த்தன.

1991-ஆம் வருஷம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் டில்லி சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்று தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டது, கோர்ட்டின் தீர்ப்பில் எடுத்துக் கூறப்பட்டிருக்கிறது. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி வெளியான அத்தீர்ப்பு, கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் தத்துவத்தையும், கேடு வருமுன்னரே காக்க வேண்டும் என்னும் தத்துவத்தையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டியது. அதன்படி நஷ்டத்தை மதிப்பிட ஏற்பட்ட அதிகார சபை, 2001-ஆம் வருஷம் மார்ச் 7-ஆம் தேதியும், பின்னர் 2009-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ஆம் தேதியும் நஷ்டஈட்டுத் தீர்மானங்கள் அளித்தது.

இத்தீர்ப்பு உலகெங்கும் சட்ட மாணவரால் படிக்கப்படுகிறது. ஆயினும் நஷ்டஈடு பெற்றவனின் கிணற்றில் நல்ல நீர் ஊறிவிடவில்லை. ஈட்டுத்தொகை முழுவதும் சேரவில்லை என்ற முறையீடு மீண்டும் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், பாக்கித் தொகையை ஆறு வாரத்துக்குள் சர்க்கார் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று கோர்ட்டு கட்டளையிட்டது. அதோடு, பாலாற்றைச் சீர்செய்யும் வேலையைக் கவனிக்க ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்ட கமிட்டி ஒன்றை அமைக்கவும் உத்தரவிட்டது. அக்கமிட்டியில் இலாகாக் காரியதரிசிகளோடும் நிபுணர்களோடும் பாதிக்கப்பட்ட சமூகங்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டது.

இந்த ஒரு வாசகத்தைக் குடியானவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வழக்குத் தொடர்ந்த வருஷத்திலிருந்து இவ்வாசகம் எழுதப்பட்ட வருஷம் வரை 34 வருஷங்கள் கழிந்தன. இடைக்காலத்தில் பாதிக்கப்பட்டவனுக்கு மனுதாரன் என்ற பெயரும், நஷ்டஈடு பெறுவோன் என்ற பெயரும் கிடைத்தன. விதி செய்யும் இடத்தில் ஆசனம் கிடைக்கவில்லை. கழிவுநீர் எந்த ஓடையில் எந்த இரவில் விடப்படுகிறது என்பதை முதலில் அறிபவர் அவ்வோடைக்கரைக் குடியானவரும், தொழிற்சாலையில் கூலி செய்பவருமே. அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தால் கேடு பிறக்கும்போதே தடுக்கப்பட்டிருக்கும். இங்கு மற்றொன்றும் மறக்கலாகாது. தோல் தொழிலாலும் காலணித் தொழிலாலும் பிழைக்கும் பல்லாயிரம் ஆண்களும் பெண்களும் இதே கிராமங்களைச் சேர்ந்தவர்கள்; தொழிற்சாலையை மூடு என்று உத்தரவு வந்தால் கூலியை இழப்பவர்களும் அவர்களே. அவர்களைக் கலக்காமல் செய்யும் ஏற்பாடும் நியாயமாகாது.

ஊர் ஏரியில் நியாயம்

பெரிய ஆற்றில் தங்களுக்கு ஆசனம் கேட்கும் நிலச்சொந்தக்காரர்கள், தங்கள் ஊர் ஏரியில் பிறருக்கு ஆசனம் தந்திருக்கிறார்களா என்று சிந்திப்பது நலம். 2000-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி ஏற்படும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஆயக்கட்டில் நிலமுடையோரைக் கொண்டவை. ஏரி மீனோ குத்தகைக்கு விடப்படுகிறது. பணமுடைய வெளியூரார் ஏலம் எடுத்தால், அவ்வேரியில் தலைமுறையாக வலை வீசியவர் கூலிக்கு வலை இழுக்க நேரும்.

இரு தரத்தாரும் கலந்து பேசாமையால் விளையும் நஷ்டம் கொஞ்சமன்று. மீனைச் சுலபமாகப் பிடிக்க வேண்டிக் குத்தகைதாரர் மதகை இரவில் திறந்துவிட்டார் என்று ஆயக்கட்டுதாரர் குறை கூறுவர். கடைசிச் சொட்டு வரை இறைத்துக்கொண்டதால் விற்கும் பருவத்திற்கு முன்பே மீன் செத்தது என்று குத்தகைதாரர் குறை கூறுவர். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்தாலேயே குற்றமாக்கப்பட்டது; எனினும் குத்தகை முடியும் தறுவாயில் அவசரப்பட்டு அப்பாதகத்தைச் செய்வோர் உண்டு. அந்நீரைக் குடிக்கும் மாடும் அவ்வேரியை நம்பிய பயிரும் அதன் பலனை அனுபவிக்கின்றன. இவற்றைத் தவிர்க்கக் கீழ்க்கண்ட ஏற்பாடுகள் உதவும்.

1. ஜாபிதா. ஏரியை நம்பிப் பிழைப்போர் எல்லாருடைய பெயரையும் ஊராட்சியில் எழுதி வைத்தல் வேண்டும். ஆயக்கட்டுதாரர், குத்தகைச் சாகுபடிக்காரர், மீன் பிடிப்போர், மீன் விற்கும் பெண்கள், கால்நடை வைத்திருப்போர், துணி வெளுப்போர் ஆகிய யாரும் விடுபடலாகாது. ஜாபிதாவைக் கிராம சபையில் உரக்கப் படித்து ஆட்சேபம் கேட்க வேண்டும்.

2. நீர் மட்டம். வடகிழக்குப் பருவ மழையில் ஏரி நிறைந்து கோடி போனவுடன், ஆயக்கட்டுதாரரும் மீன் பிடிப்போரும் கூடி, மதகை எந்நாள் திறப்பது, எந்த மட்டத்திற்குக் கீழே நீரை இறைப்பதில்லை என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அம்மட்டத்தை மதகின் கல்லில் வர்ணத்தால் குறித்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்தறியலாம். மதகுத் திறவுகோல் நீர்க்கட்டியிடம் இருக்க, திறக்கும் நாள் இரு தரத்தாருக்கும் முன்னறிவிக்கப்பட வேண்டும்.

3. குத்தகை. மீன் குத்தகையில் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதற்கு முதலிடம் தருவது நலம். கட்லா, ரோகு, மிர்கால் முதலிய குஞ்சுகளை எவ்வளவு விடுவது, எவ்வளவு சிறு கண்ணுள்ள வலையை விலக்குவது என்பவற்றைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். வெளியூரார் எடுத்தாலும் வலை இழுக்கும் வேலையும் கூலியும் உள்ளூராருக்கு என்று நிபந்தனை வைக்கலாம்.

4. வருமானம். ஏரி மீனால் வரும் பணத்தில் ஒரு பங்கை அவ்வேரியின் கரைக்கும் தூர் எடுப்பதற்கும் ஒதுக்குவது சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலும் காணப்படும் வழக்கம். அப்பணம் கரையில் செலவாவதைக் கண்ணாரக் காணும் ஆயக்கட்டுதாரர், மீன் வளரக் கொஞ்சம் நீர் விட்டுவைக்கத் தயங்கமாட்டார்.

5. காவல். ஓடையில் நிறம் மாறிய நீரோ துர்நாற்றமோ செத்த மீனோ கண்டால் யாரிடம் சொல்வது என்பது ஊரில் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அத்தகவலைத் தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு பதிந்து, நீர் மாதிரியை உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் எடுக்கும்படி எழுத வேண்டும். சொன்னவர் கூலிக்காரரானால் அவர் பெயர் வெளிவராமல் காப்பது உத்தியோகஸ்தரின் கடமை. மீன் செத்து மிதப்பது கிணறு கெடப்போவதற்கு முன்னறிகுறியாகக்கூடும். ஆகையால் மீன் பிடிப்பவரின் கண் ஆயக்கட்டுதாரருக்கும் காவலாகிறது.

6. கணக்கு. வருஷத்துக்கு ஒரு முறை வரவு செலவைப் பொது இடத்தில் படித்துக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டாதவரை மறுபடி அப்பொறுப்பில் வைக்கலாகாது என்ற பழைய விதி இன்றைக்கும் பொருந்தும்.

இவ்வேற்பாடுகளுக்குப் பெரும் பணச் செலவு கிடையாது. செலவாவது சிலருடைய ஏகபோக உரிமையே. அதை விட்டுக்கொடுக்க மனம் வருவது எளிதன்று. சபையில் மீன் பிடிப்பவரும் கூலி செய்பவரும் சமமாக உட்கார்ந்து பேசுவதை விரும்பாதவர் சில ஊர்களில் இருக்கக்கூடும். ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவனால் எந்த விதியும் காக்கப்படுவதில்லை என்பதைப் பழவேற்காடு காட்டிவிட்டது. வெளியே நிறுத்தப்பட்ட குடியானவனின் கிணறு என்னவாகும் என்பதைப் பாலாறு காட்டிவிட்டது.

பாலாற்றுக் கமிட்டியில் ஆசனம் பெறும் பிரதிநிதிகள் யாருடைய பெயரால் பேசுவார்கள் என்பது கிராமங்களில் தீர்மானிக்கப்பட வேண்டியது. ஏரிக்கரையில் எல்லாரையும் கூட்டி நியாயமாக நடந்துகொள்ளும் ஊரின் குரல் மேலிடத்திலும் மதிப்புப் பெறும். வரும் பருவத்தில் ஏரி நிறைவதற்கு முன்பே ஜாபிதா எழுதும் வேலையைத் தொடங்குவது ஒவ்வொரு ஊராட்சியின் முதற் கடமையாகும்.